சி மொழியில் நினைவகம் ஒதுக்காமல் ஒரு கோப்பை வரி வரியாகப் படித்தல்

லினக்ஸ் இயங்கும் கணினியில் ப்ராக் என்ற அடைவுக்குள் மெம்இன்ஃபோ என்றொரு கோப்பு இருக்கிறது. கணினியில் மொத்தம் எவ்வளவு நினைவகம் உள்ளது, அதில் இப்போது எவ்வளவு பயன்பாட்டுக்குக் கிடைக்கும் என்பன போன்ற விவரங்களை, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் அதில் வரிக்கு ஒன்றாகத் தருகிறது. நினைவகம் தீரும் தறுவாயில் எச்சரிக்கின்ற கண்காணிப்பு நிரல் ஒன்றை நீங்கள் சி மொழியில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிரல் நொடிக்கு ஒருமுறை இந்தக் கோப்பைப் படிக்க வேண்டும்; அதிலும் முக்கியமாக, கணினியில் நினைவகமே மிச்சமில்லாத நேரத்தில் தவறாமல் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும், நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக் செயற்கூறு வழியாகப் புதிதாக இடம் கேட்கும் நிரல், எந்த வேளைக்காக எழுதப்பட்டதோ அந்த வேளையிலேயே கைவிட்டுவிடும்.

நினைவகம் ஒதுக்காமல் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிறு கருவிகளுக்குள் ஓடும் நிரல்களில், மாலாக் இடம் எடுத்துத் தரும் ஹீப் என்ற நினைவகப் பகுதியே இல்லாமல் இருக்கலாம். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் வெளியிட்ட பத்து நிரலாக்க விதிகளில் ஒன்று, நிரல் தொடங்கி ஆயத்தமான பிறகு புதிதாக நினைவகம் ஒதுக்கக் கூடாது என்பதாகும். இப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் இல்லாத சாதாரண நிரலாக இருந்தால், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 2008-ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்ற கெட்லைன் செயற்கூறைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. ஆனால் அது வரியின் நீளத்துக்கேற்ப நினைவகத்தைத் தானே பெரிதாக்கிக்கொண்டே போகும் என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும். வரியின் முடிவைக் குறிக்கும் நியூலைன் என்ற எழுத்து ஒன்றுகூட இல்லாத 2 ஜிபி கோப்பை யாராவது கொடுத்தால், அந்த 2 ஜிபியும் ஒரே வரியாக நினைவகத்துக்குள் வர முயலும்.

இந்தக் கட்டுரை முழுவதும் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: ஒரு வரி அதிகபட்சம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதை நிரலை எழுதுகின்ற நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், அதைவிட நீளமான வரி வந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைக் கோப்பின் கையில் விடக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த முடிவைச் சரியாக நிறைவேற்றுவதற்கானவை. செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை வழக்கமான எழுத்துகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: வரிக்கான இடத்தைத் தீர்மானித்தல்

மாலாக் வேண்டாம் என்றால், வரியைத் தாங்கும் எழுத்து அணியை இரண்டு இடங்களில் வைக்கலாம். செயற்கூறுக்குள் சாதாரண மாறியாக அறிவித்தால், செயற்கூறு முடிந்ததும் விடுவிக்கப்படும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் அது அமையும். ஸ்டாட்டிக் என்று அறிவித்தாலோ செயற்கூறுகளுக்கு வெளியே வைத்தாலோ நிரல் ஓடும் காலம் முழுவதும் நிலைத்திருக்கும். சில நூறு பைட்களுக்கோ சில ஆயிரம் பைட்களுக்கோ ஸ்டாக் போதும். லினக்ஸில் நிரலின் முதன்மை ஸ்டாக் பெரும்பாலும் 8 எம்பி வரை வளரலாம், விண்டோஸில் இயல்பாக 1 எம்பிதான், சிறு கருவிகளில் அது சில கேபி மட்டுமே. எனவே ஸ்டாக்கில் ஒரு எம்பி அணியை அறிவிப்பது ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் விழும் நிரலைத் தரும். ஸ்டாட்டிக் அணிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரே செயற்கூறை, நிரலுக்குள் இணையாக ஓடும் இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் அழைத்தால் இரண்டும் ஒரே அணியில் எழுதிக் குழப்பிவிடும். எனக்கு உகந்த வழி, அணியை அழைப்பவரே அறிவித்து, அதன் முகவரியான பாயின்டரையும் அளவையும் செயற்கூறுக்குக் கொடுப்பதுதான். இடம் யாருடையது, எவ்வளவு பெரியது என்பது அப்போது அழைக்கும் வரியிலேயே வெளிப்படையாகத் தெரியும்.

அளவு எவ்வளவு வைப்பது? சி மொழித் தரம், நியூலைனையும் சேர்த்துக் குறைந்தது 254 எழுத்துகள் கொண்ட வரிகளை உரைக்கோப்புகளில் ஆதரிக்க வேண்டும் என்று கம்பைலர்களைக் கேட்கிறது. எனவே 256 என்பது நல்ல தொடக்கப்புள்ளி. ஆனால் படிக்கப்போகும் கோப்பை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்வதே சிறந்தது. மெம்இன்ஃபோவின் பெரும்பாலான வரிகள் நியூலைனோடு சேர்த்து 28 பைட் நீளம்: பெயரும் இடைவெளிகளும் 16, எண்ணுக்கு 8, கேபி என்ற குறியும் அதன் முன்னிடைவெளியும் நியூலைனும் 4. எண் பெரிதானால் இன்னும் சில பைட் கூடும். ஆகவே இதற்கு 128 பைட் தாராளம்.

படிக்கப்போவது தமிழ் உரை என்றால் கணக்கு மாறும். யூனிகோட் குறியெண்களைப் பைட்களாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள். கோப்பில் 15 பைட்கள். நூறு எழுத்து நீளமுள்ள தமிழ் வரிக்கு நூறு பைட் போதும் என்று எண்ணினால் அதன் மூன்றில் ஒரு பங்குகூட அணிக்குள் வராது.

படி 2: எஃப்கெட்ஸ் செய்வது என்ன, செய்யாதது என்ன

கோப்பை எஃப்ஓப்பன் மூலம் திறந்து, நல் என்ற வெற்றுப் பாயின்டர் கிடைத்ததா என்று சோதித்த பின், வரிகளைப் படிக்க எஃப்கெட்ஸ் செயற்கூறைப் பயன்படுத்துகிறோம். அதற்கு மூன்று தகவல்கள் தேவை: அணி, அணியின் அளவு, கோப்பு. கொடுத்த அளவில் ஒன்றைக் கழித்து அதிகபட்சம் அத்தனை பைட்களை மட்டுமே அது படிக்கும். கடைசியில் ஒரு பூஜ்ய பைட்டைத் தவறாமல் வைக்கும். நியூலைன் வந்தால் அதையும் அணிக்குள் வைத்துவிட்டு நிற்கும். கோப்பு முடிந்தாலும் நிற்கும். ஒரு பைட்கூடப் படிக்காமலேயே கோப்பு முடிந்தால், அல்லது படிப்பதில் பிழை ஏற்பட்டால் மட்டுமே நல் திருப்பும். இந்த ஐந்து வாக்கியங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

பழைய பாடநூல்களில் எஃப் இல்லாத வெறும் கெட்ஸ் என்ற செயற்கூறைக் காணலாம். அது அணியின் அளவைக் கேட்பதே இல்லை என்பதால், வரி நீண்டால் அணியைத் தாண்டி எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் வார்ம் என்ற தீங்கு நிரல், ஃபிங்கர் சேவை நிரலின் 512 பைட் அணியை இந்தக் கெட்ஸ் வழியாகவே நிரப்பி வழியவிட்டுக் கணினிகளுக்குள் புகுந்தது. 2011-ஆம் ஆண்டின் சி தரத்தில் அந்தச் செயற்கூறு முற்றிலும் நீக்கப்பட்டது. எங்கே கண்டாலும் விலக்குங்கள்.

மடக்கின் வடிவம் இப்படி இருக்க வேண்டும்:

    வரி : 128 பைட் கொண்ட எழுத்து அணி
    எஃப்கெட்ஸ்(வரி, 128, கோப்பு) நல் திருப்பாத வரை:
        வரியைக் கையாள்க
    மடக்கு முடிந்த பின்:
        எஃப்எரர்(கோப்பு) உண்மை எனில், படிப்பதில் பிழை
        இல்லையெனில், கோப்பு இயல்பாக முடிந்தது

மடக்கின் நிபந்தனையே எஃப்கெட்ஸின் விடையாக இருப்பதைக் கவனியுங்கள். புதியவர்கள் பலர் ‘எஃப்இஓஎஃப் பொய்யாக இருக்கும் வரை’ என்று மடக்கை எழுதி, அதற்குள் எஃப்கெட்ஸை அழைக்கிறார்கள். கோப்பின் முடிவைத் தாண்டிப் படிக்க முயன்ற பிறகே எஃப்இஓஎஃப் உண்மையாகும். எனவே கடைசி வரியைப் படித்து முடித்த நிலையிலும் அது பொய் என்றே சொல்லும். மடக்கு இன்னொரு முறை சுழலும். எஃப்கெட்ஸ் நல் திருப்பும். அணியில் பழைய வரி அப்படியே கிடக்கும். கடைசி வரி இரண்டு முறை கையாளப்படும். இது சி கற்கும் எல்லோர் நிரலிலும் ஒருமுறையாவது தலைகாட்டும் பிழை.

அளவைக் கையால் 128 என்று எழுதுவதற்குப் பதில் சைஸ்ஆஃப் கொண்டு கேட்பது நல்ல பழக்கம். அணியின் அளவை மாற்றினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஆனால் அணியை இன்னொரு செயற்கூறுக்கு அனுப்பியதும் அங்கே அது வெறும் பாயின்டராகிவிடும். அங்கு சைஸ்ஆஃப் கேட்டால் 64-பிட் கணினியில் 8 என்ற விடைதான் வரும். எஃப்கெட்ஸ் ஏழு ஏழு பைட்களாக வரியைத் துண்டாடும். அளவைத் தனி மாறியாகக் கூடவே அனுப்ப வேண்டும் என்று முன்பே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

படி 3: முழு வரியா, துண்டா என்று அறிதல்

எஃப்கெட்ஸ் நல் அல்லாத விடையைத் தந்ததும் ஒரு முழு வரி கிடைத்துவிட்டது என்று கருதுவது இயல்பு. அந்த நம்பிக்கைதான் பெரும்பாலான நிரல்களைத் தவறச் செய்கிறது. உண்மையில் மூன்று நிலைகள் உள்ளன. அணியின் உள்ளடக்கம் நியூலைனில் முடிந்தால் அது முழு வரி. நியூலைன் இல்லை, அணியும் நிறையவில்லை என்றால், அது கோப்பின் கடைசி வரி. அதை எழுதியவர் இறுதியில் நியூலைன் வைக்கவில்லை. நியூலைன் இல்லை, ஆனால் அணி நிறைந்துவிட்டது என்றால், நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் ஒரு நீண்ட வரியின் தலைப்பகுதி.

அணி நிறைந்ததா என்று அறிய எஸ்டிஆர்லென் கொண்டு நீளம் கேட்டு, அது அளவைவிட ஒன்று குறைவாக இருக்கிறதா என்று பார்க்கலாம். இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. எஃப்கெட்ஸை அழைக்குமுன் அணியின் கடைசி இடத்தில் பூஜ்யம் அல்லாத ஏதேனும் ஒரு மதிப்பை, 1 என்றே வைத்துக்கொள்ளலாம், எழுதிவைக்க வேண்டும். திரும்பி வந்ததும் அந்த இடம் பூஜ்யமாகியிருந்தால் எஃப்கெட்ஸ் அணியை முழுவதும் பயன்படுத்தியிருக்கிறது என்று பொருள். அதோடு அதற்கு முந்தைய இடத்தில் நியூலைனும் இல்லையென்றால் வரி இன்னும் முடியவில்லை. கோப்பின் நடுவே பூஜ்ய பைட் வந்து எஸ்டிஆர்லென்னை ஏமாற்றினாலும் இந்தச் சோதனை ஏமாறாது.

விளிம்பில் நிற்கும் நிலை ஒன்றையும் நெருங்கிப் பார்த்துவிட வேண்டும். அணி 128 பைட், வரியின் உரை சரியாக 127 பைட் என்று கொள்ளுங்கள். உரை முழுவதும் வந்துவிட்டது. ஆனால் நியூலைனுக்கு இடமில்லாததால் அது கோப்பிலேயே நிற்கிறது. இந்த நிலையில் அடுத்த எஃப்கெட்ஸ் அழைப்பு வெறும் நியூலைனை மட்டும் தரும். கவனிக்காத நிரல் அதை ஒரு வெற்று வரி என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே அணி நிறைந்து நியூலைன் இல்லாதபோது, எஃப்கெட்சி கொண்டு அடுத்த பைட்டைப் படித்துப் பாருங்கள். அது நியூலைனாகவோ கோப்பின் முடிவாகவோ இருந்தால், உரை எதுவும் வெட்டப்படவில்லை. வேறு எதுவாக இருந்தாலும் வரி உண்மையிலேயே நீளமானது.

எஃப்கெட்சியின் விடையை இன்ட் வகை மாறியில்தான் வாங்க வேண்டும். சார் மாறியில் வாங்கினால், குறியுள்ள சார் கொண்ட கணினிகளில் 255 என்ற பைட் கோப்பின் முடிவாகத் தோன்றும். குறியற்ற சார் கொண்ட ஏஆர்எம் லினக்ஸ் போன்றவற்றில் முடிவு வந்தாலும் தெரியாமல் மடக்கு ஓயாது சுழலும்.

படி 4: நீண்ட வரியை என்ன செய்வது

இங்குதான் உங்கள் முடிவு தேவைப்படுகிறது. மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. எது சரி என்பதைக் கோப்பில் இருக்கும் செய்தியின் தன்மையே தீர்மானிக்கும்.

முதல் வழி, பிழை என்று அறிவித்து நிறுத்திவிடுவது. நிரலின் அமைப்புக் கோப்பு, கடவுச்சொல் பட்டியல், பணக் கணக்கு போன்றவற்றுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அமைப்புக் கோப்பில் ஒரு பாதையின் பெயர் நடுவில் வெட்டப்பட்டு, அந்த அரைகுறைப் பெயரில் வேறொரு அடைவு உண்மையிலேயே இருந்துவிட்டால், நிரல் தவறான இடத்தில் அழிக்கவோ எழுதவோ தொடங்கும். எத்தனையாவது வரி, எத்தனை பைட் வரை அனுமதி என்ற இரண்டையும் பிழைச்செய்தியில் சொன்னால் பயன்படுத்துபவர் உடனே திருத்திக்கொள்வார்.

இரண்டாவது வழி, கிடைத்த தலைப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, நியூலைன் வரும்வரை எஃப்கெட்சியால் படித்து மிச்சத்தை விட்டுவிடுவது. மெம்இன்ஃபோவுக்கு இது பொருந்தும்: நாம் தேடும் வரி குறுகியது என்று தெரியும்; நாளை கெர்னல் வேறொரு நீண்ட வரியைச் சேர்த்தாலும் அதன் மீதி நமக்குத் தேவையில்லை. விட்டுவிடும் மடக்கில் கோப்பின் முடிவையும் நிபந்தனையாக வைக்க மறக்காதீர்கள். கடைசி வரியே நீண்ட வரியாக இருந்து அதில் நியூலைனும் இல்லாவிட்டால், முடிவைச் சோதிக்காத மடக்கு நிற்காது.

மூன்றாவது வழி, வரியைத் துண்டு துண்டாகவே கையாள்வது. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது, உரையை அப்படியே இன்னொரு கோப்புக்கு நகலெடுப்பது போன்ற வேலைகளுக்கு முழு வரியும் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டியதில்லை. ‘நான் இப்போது ஒரு வரியின் தொடர்ச்சியில் இருக்கிறேன்’ என்று நினைவூட்டும் ஒரு மாறி மட்டும் இருந்தால் போதும். ஆனால் தேடும் சொல்லே இரு துண்டுகளுக்கு நடுவில் பிளந்து கிடக்கலாம் என்பதற்கும் வழி செய்ய வேண்டும்.

தமிழ் உரையை வெட்டும்போது இந்தப் பிளவு எழுத்துக்குள்ளேயே நிகழும். 128 பைட் அணியில் உரைக்குக் கிடைப்பது 127 பைட். இடைவெளி இல்லாத தமிழ் உரை என்றால் 42 குறியெண்கள் 126 பைட்டை நிரப்ப, 43-ஆவது குறியெண்ணின் முதல் பைட் மட்டும் உள்ளே வந்து நிற்கும். அதைத் திரையில் காட்டினால் கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் தோன்றும். இதைத் தவிர்க்க, அணியின் முடிவிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். 128 முதல் 191 வரை மதிப்புள்ள பைட்கள் ஒரு குறியெண்ணின் உட்பகுதிகள். அவற்றைக் கடந்து பின்னால் போனால் அந்தக் குறியெண்ணின் முதல் பைட் கிடைக்கும். தமிழில் அது எப்போதும் 224. அதிலிருந்து மூன்று பைட்கள் முழுமையாக உள்ளே இருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் அந்த முதல் பைட்டின் இடத்திலேயே பூஜ்ய பைட்டை வைத்து உரையை முடிக்க வேண்டும். துண்டு துண்டாகக் கையாள்பவர்கள் அந்த மிச்ச பைட்களை அடுத்த துண்டின் தொடக்கத்துக்கு எடுத்துச்செல்ல வேண்டும். இவ்வளவு செய்தும் ‘மி’ என்பதன் மகரம் ஒரு துண்டிலும் இகரக் குறி அடுத்த துண்டிலுமாகப் பிரியலாம். எனவே பிறர் வாசிக்கப்போகும் தமிழ் உரையை வெட்டுவதைவிட, அணியைப் பெரிதாக வைப்பதே மேல்.

படி 5: வரியின் இரு முனைகளையும் துப்புரவாக்குதல்

வரி முழுமையானது என்று தெரிந்த பின் கடைசி நியூலைனை நீக்கலாம். ‘நீளத்தில் ஒன்றைக் கழித்த இடத்தில் பூஜ்யம் வை’ என்று நேரடியாக எழுதுவது ஆபத்தானது. நியூலைன் இல்லாத கடைசி வரியில் அது உண்மையான ஓர் எழுத்தைத் தின்றுவிடும். வரி பூஜ்ய பைட்டில் தொடங்கினால் நீளம் பூஜ்யமாகி, அணிக்கு முந்தைய இடத்தில் போய் எழுதும். எஸ்டிஆர்சிஎஸ்பிஎன் செயற்கூறிடம் நியூலைன் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டு, அது சொல்லும் இடத்தில் பூஜ்யம் வைப்பதே பாதுகாப்பானது. நியூலைன் இல்லாவிட்டால் அது உரையின் முடிவையே சுட்டும். ஏற்கெனவே பூஜ்யம் இருக்கும் இடத்தில் மீண்டும் பூஜ்யம் வைப்பதால் தீங்கில்லை.

விண்டோஸில் உருவான கோப்பை லினக்ஸில் படித்தால், நியூலைனுக்கு முன் 13 என்ற மதிப்புள்ள கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்டிஆர்சிஎஸ்பிஎன்னிடம் இரண்டையும் சேர்த்துத் தேடச் சொன்னால் இரண்டும் ஒருசேர நீங்கிவிடும். இதேபோல் நோட்பேடின் பழைய பதிப்புகளில் சேமித்த யுடிஎஃப்-8 கோப்புகளின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்கள் இருக்கும். முதல் வரியை ஏதேனும் ஒரு பெயரோடு ஒப்பிடும்போது, கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தும் ஒப்பீடு தோற்றுக்கொண்டே இருந்தால், முதலில் இந்த மூன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படி 6: வரியிலிருந்து செய்தியை எடுத்தல்

வரியை நினைவகம் ஒதுக்காமல் படித்துவிட்டு, அதைப் பிரிப்பதற்காக நகலெடுத்தால் உழைப்பு வீண். மெம்இன்ஃபோவில் நமக்கு வேண்டியது மெம்அவைலபிள் என்ற வரி. 2014-இல் வந்த லினக்ஸ் 3.14 முதல் இது கிடைக்கிறது. புதிய நிரல்களுக்கு எவ்வளவு நினைவகம் தர முடியும் என்று கெர்னலே மதிப்பிட்டுச் சொல்வதால், மெம்ஃப்ரீ என்ற வரியைவிட இது பயனுள்ளது. எஸ்டிஆர்என்கம்ப் கொண்டு வரியின் முதல் 13 பைட்களை, அதாவது பெயரையும் அதன் முக்காற்புள்ளியையும், ஒப்பிடுகிறோம். பொருந்தினால் 13-ஆவது இடத்திலிருந்து எஸ்டிஆர்டூயூஎல் செயற்கூறுக்குக் கொடுக்கிறோம். அது முன்னாலுள்ள இடைவெளிகளைத் தானே தாண்டி, இலக்கங்களைப் படித்து, எண்ணை விடையாகத் தரும். எங்கே நின்றது என்பதை இரண்டாவது பாயின்டர் வழியாகச் சொல்லும். அது தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தால் அங்கே எண்ணே இல்லை. கிடைக்கும் எண்ணின் அலகு 1024 பைட். வேண்டிய வரி கிடைத்ததும் மடக்கை விட்டு வெளியேறிவிடலாம்.

படி 7: எஃப்ஓப்பனையும் விட்டுவிடுதல்

இதுவரை நம் கையால் மாலாக் அழைக்கவில்லை. ஆனால் எஃப்ஓப்பன் நமக்காக அழைத்திருக்கிறது. லினக்ஸில் வழக்கமாக உள்ள ஜிலிப்சி நூலகத்தில், கோப்பு பற்றிய விவரங்களை வைக்கும் கட்டமைப்புக்கு எஃப்ஓப்பன் ஹீப்பில் இடம் ஒதுக்குகிறது. முதல்முறை படிக்கும்போது பெரும்பாலும் 4096 பைட் கொண்ட, படித்த பைட்களைத் தற்காலிகமாக வைக்கும் பஃபர் ஒன்றும் ஒதுக்கப்படுகிறது. கோப்பைத் திறந்த உடனே, வேறெதுவும் செய்யுமுன், செட்விபஃப் மூலம் நம்முடைய அணியையே பஃபராகக் கொடுக்கலாம். கோப்பை மூடும்வரை அந்த அணி உயிரோடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்போதும் கட்டமைப்புக்கான ஒதுக்கீடு மிஞ்சும். பெரும்பாலான நிரல்களுக்கு இது பொருட்டல்ல. நம் கண்காணிப்பு நிரலுக்குப் பொருட்டு.

எனவே ஓப்பன், ரீட் என்ற கெர்னல் அழைப்புகளை நேரடியாகப் பயன்படுத்துவோம். நிரல் தொடங்கும்போதே மெம்இன்ஃபோவை ஒருமுறை திறந்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நொடியும் எல்சீக் கொண்டு தொடக்கத்துக்குத் திரும்பி மீண்டும் படித்தால் கெர்னல் புதிய விவரத்தைத் தரும். எஃப்ஓப்பன் வழியில் இதைச் செய்தால், இடையிலுள்ள பஃபரில் பழைய விவரம் தங்கிவிடும் அபாயம் உண்டு.

ரீட் அழைப்புக்கு வரி என்பதே தெரியாது. அது பைட்களை மட்டும் தரும். வரிகளைப் பிரிக்கும் வேலையை நாம் செய்ய வேண்டும். 4096 பைட் ஸ்டாட்டிக் அணி ஒன்றும், ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்ற இரண்டு எண்களும் போதும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே இருப்பது, படித்தும் இன்னும் கையாளாத பைட்கள். அடுத்த வரி வேண்டும்போது அந்தப் பகுதிக்குள் மெம்சிஎச்ஆர் கொண்டு நியூலைனைத் தேடுகிறோம். கிடைத்தால், அதன் இடத்தில் பூஜ்யத்தை எழுதி, வரியின் பாயின்டரையும் நீளத்தையும் திருப்பித் தந்து, தொடக்கத்தை நியூலைனுக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்துகிறோம். எந்த நகலெடுப்பும் இல்லை. வரி பஃபருக்குள்ளேயே இருக்கிறது.

நியூலைன் கிடைக்காவிட்டால், மிச்சமுள்ள பைட்களை மெம்மூவ் கொண்டு அணியின் முற்பகுதிக்குத் தள்ளி, தொடக்கத்தைப் பூஜ்யமாக்கி, காலியான பின்பகுதியில் ரீட் செய்கிறோம். மெம்காப்பியை இங்கே பயன்படுத்தக் கூடாது. நகரும் பகுதியும் சேரும் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று படியலாம். தள்ளிய பிறகும் காலியிடம் இல்லையென்றால், அணி முழுவதும் ஒரே வரியால் நிறைந்திருக்கிறது என்று பொருள். படி 4-இல் எடுத்த முடிவை இங்கே நிறைவேற்றுங்கள்.

ரீட் கேட்ட அளவைவிடக் குறைவாகத் தரலாம், அது பிழையல்ல. ஆகவே முடிவை, கேட்ட அளவால் அல்லாமல், உண்மையில் கிடைத்த அளவால்தான் நகர்த்த வேண்டும். எதிர்ம எண் வந்து, காரணம் சிக்னல் என்ற அறிவிப்பு ஒன்று குறுக்கிட்டது என்றிருந்தால் மீண்டும் முயல வேண்டும். பூஜ்யம் வந்தால் கோப்பு முடிந்தது. அப்போது மிச்ச பைட்கள் இருந்தால், நியூலைன் இல்லாத அந்தக் கடைசி வரியையும் தந்துவிட்டுத்தான் முடிக்க வேண்டும். அந்த வரிக்குப் பின்னால் பூஜ்ய பைட் வைக்க இடம் வேண்டுமல்லவா? அதற்காக ரீட் செய்யும்போது எப்போதும் அணியின் கடைசி ஒரு பைட்டைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். அதை விட்டுவைக்காவிட்டால் எஸ்டிஆர்டூயூஎல் அணிக்கு வெளியேயும் இலக்கங்களைத் தேடிக்கொண்டு போகலாம்.

இந்த முறையில் கிடைக்கும் பாயின்டர் அடுத்த வரியைக் கேட்கும்வரை மட்டுமே செல்லுபடியாகும். முந்தைய வரியின் பாயின்டரைச் சேமித்துவைத்து, பிறகு பார்த்தால், மெம்மூவ் அங்கே வேறு உரையைக் கொண்டுவந்து போட்டிருக்கும். வேண்டிய எண்ணை உடனே எடுத்துவிட்டு வரியை மறந்துவிடுங்கள்.

எம்மேப் மூலம் கோப்பை அப்படியே நினைவக முகவரியாக்கிப் படிக்கும் வழியும் உண்டு. வட்டிலுள்ள பெரிய, மாறாத கோப்புகளுக்கு அது மிக நன்று. ப்ராக் அடைவின் கோப்புகளோ அளவைக் கேட்டால் பூஜ்யம் என்றே சொல்லும். பூஜ்ய அளவுக்கு எம்மேப் செய்ய முடியாது. நமக்கு ரீட்தான் வழி.

படி 8: சோதித்தல்

பஃபரின் அளவை 4096-இலிருந்து 16-ஆகக் குறைத்து ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். பெரிய பஃபரில் எப்போதோ ஒருமுறை நேரும் விளிம்பு நிலைகள் எல்லாம் இப்போது ஒவ்வொரு வரியிலும் நேரும். மெம்இன்ஃபோவின் வரிகள் ஒன்றுகூட இதற்குள் அடங்காது என்பதால், நீண்ட வரிக்கான உங்கள் முடிவு உண்மையிலேயே செயல்படுகிறதா என்று தெரிந்துவிடும். அதோடு சில சிறு கோப்புகளையும் உருவாக்கிக் கொடுங்கள்: முற்றிலும் வெறுமையானது, ஒரே ஒரு நியூலைன் மட்டும் உள்ளது, கடைசியில் நியூலைன் இல்லாதது, உரை சரியாக 14, 15, 16 பைட் நீளமுள்ளது, நடுவில் பூஜ்ய பைட் உள்ளது, தமிழ் உரை உள்ளது. கம்பைலரில் அட்ரஸ் சானிட்டைசரை இயக்கி வைத்தால், அணிக்கு வெளியே ஒரு பைட் எழுதினாலும் உடனே சுட்டிக்காட்டும்.

பிறகு சானிட்டைசரை நீக்கிக் கம்பைல் செய்து, நினைவகப் பயன்பாட்டைச் சோதிக்கும் வால்கிரைண்டின் கீழ் ஓட்டிப் பாருங்கள். நிரல் முடிந்ததும் ஹீப்பில் மொத்தம் எத்தனை ஒதுக்கீடுகள் நடந்தன என்று அது சொல்லும். நாம் எதிர்பார்ப்பது 0. ரீட் வழியில் எழுதியும் 1 என்று வந்தால், பெரும்பாலும் காரணம் பிரின்ட்எஃப்தான்: வெளியீட்டுக்கான பஃபரை அது முதல் அழைப்பில் ஹீப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எச்சரிக்கைச் செய்தியை ரைட் அழைப்பால் நேரடியாக அனுப்பினால் அதுவும் நீங்கும்.